வடக்கு கேட்டில் சங்கிலி வேண்டாம்

மகனே,

நம் வீட்டு முன்னறையில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, பேனா பிடித்து எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவாய். அதனால் கூரியரில் வருகிறது. உன் சென்னை ஆபீசில் யாராவது பார்த்துவிட்டு, இந்தக் காலத்திலும் கடிதமா என்று சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். முழுவதும் வாசித்துவிட்டுத்தான் எனக்குப் போன் போட வேண்டும். நடுவில் போட்டால் எடுக்க மாட்டேன்.

போன வாரம் கல்லூரியின் புது ஸ்டேடியம் வரைபடத்தை அனுப்பிவிட்டுக் கேட்டாய்: "யப்பா, முப்பது வருசம் அதே கிரவுண்ட்ல மார்க்கரா இருந்திய. நல்ல ஸ்டேடியத்துக்கு என்னதான் வேணும், சொல்லுங்க. எதாவது விட்டுப்போயிருந்தா இப்பமே சேத்துரலாம்." எனக்குத் தலைகால் புரியவில்லை. கோடு போட்டு, வலை கட்டி, பந்துக்குக் காற்றடித்து, சாவிக்கொத்தைச் சுமந்துகொண்டு திரிந்தவனிடம், அதே மைதானத்தில் ஸ்டேடியம் கட்டும் இன்ஜினியர் யோசனை கேட்கிறான். அந்த இன்ஜினியர் என் மகன். அந்தச் சந்தோஷம் இரண்டு நிமிடம் இருந்தது. பிறகு பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய். "திறப்பு விழா மேட்ச் அன்னைக்கு வடக்கு கேட்டச் சங்கிலி போட்டுப் பூட்டிருவாங்களாம். டிக்கெட் இல்லாம ஆளு உள்ள வந்துருதுன்னு காலேஜ்ல சொல்லுதாங்க. அதெல்லாம் செக்யூரிட்டி பாத்துக்கிடுவாங்க, நம்ம வேல இல்ல." நான் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "என்ன, மொகம் வெளுத்துப்போய் இருக்கிய?" என்றாள். பித்தம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பித்தம் இல்லை. பயம். இருபது வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற பயம். முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்காததற்குப் பிறகு வருகிறேன்.

நல்ல ஸ்டேடியத்தில் முதல் வரிசையில் இருப்பவனுக்குப் பந்து காலில் படுகிற சத்தம் கேட்க வேண்டும். உன் படத்தில் ஆடுகளத்துக்கும் படிக்கும் நடுவே ஓடுபாதை இல்லை, பத்தடி தூரத்தில் ஆள் உட்காருகிறான். அதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது. நம் ஊர்க்காரன் டிக்கெட் எடுப்பதே கோல் காக்கிற கோலிக்குப் புத்தி சொல்வதற்குத்தான். "ஏலே, முன்ன வாலே, அங்கன என்ன நின்னு ஜெபமா சொல்லுத" என்று இவன் கத்த, அவன் திரும்பி முறைக்க வேண்டும். அந்த முறைப்பு தெரியாத தூரத்தில் உட்கார வைத்தால், அவன் வீட்டில் டிவி முன்னால் படுத்துக்கொண்டே பார்க்கலாமே. அதிலும் இது கல்லூரி ஸ்டேடியம். ஆடுகிறவன் எங்கிருந்தோ கூட்டிவரப்பட்டவன் இல்லை. நேற்று வரை பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு இரவல் கேட்டவன். அவன் கோல் போட்டால் தானே போட்ட மாதிரி எழுந்து குதிப்பார்கள். அந்த நெருக்கத்தைக் கெடுக்காமல் கட்டினாலே பாதி ஸ்டேடியம் கட்டியாயிற்று.

மேற்கே பெரிய கேலரி வைத்திருக்கிறாய், நல்லது. நாலு மணி ஆட்டத்துக்கு வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மேற்கேயிருந்து வருகிற புழுதியையும் அந்தக் கேலரியே தடுத்துவிடும். முன்பெல்லாம் அந்த மாதங்களில் தெற்குக் கோலிலிருந்து கோலி உதைத்தால் பந்து ஆகாயத்தில் நின்று யோசித்துவிட்டுக் கிழக்கே இறங்கும். புல்லுக்கு அடியில் உடன்குடிப் பக்கத்துச் செம்மணல் போடச் சொல்லியிருக்கிறாய், அதுவும் சரி. ஐப்பசி மழை எத்தனை பெய்தாலும் அரைமணியில் குடித்துவிடும். பெண்களுக்குக் கழிவறை எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். கிழக்கு மூலையில் ஒன்றே ஒன்று. இன்னும் இரண்டு வை. பெண்கள் பயமில்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து பார்க்க முடிகிற இடம்தான் ஸ்டேடியம். நாற்காலிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். எந்த எழவு நிறத்தையும் அடித்துக்கொள், இரண்டு வருஷத்தில் உப்புக் காற்று எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும்.

இதெல்லாம் இருந்தும் ஒன்று இல்லாவிட்டால் அது ஸ்டேடியம் இல்லை. உள்ளே வந்தவர்கள் அத்தனை பேரும், வந்த மாதிரியே, சொந்தக் காலில் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். ஒரு தகுதியும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது உன்னைச் சினிமாவுக்குக் கூட்டிப்போய் இடைவேளைக்கு முன்பே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ தெருவெல்லாம் அழுதுகொண்டே வந்தாய். பக்கவாட்டுக் கதவை அடைத்து வெளியே மோட்டார் சைக்கிள்களை நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குத் திரையில் என்ன ஓடியது என்றே தெரியவில்லை. உன் கல்யாணத்தன்று மண்டபத்தில் ஓரக் கதவை மறைத்து வைத்திருந்த பூ அலங்காரத்தை நானே பிடுங்கித் தூர வைத்தேன். சம்பந்தி வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "ஒங்க அப்பாவுக்கு என்னதான் கோட்டி?" என்று உன் மனைவி கேட்டதாக நீயே பிறகு சொல்லிச் சிரித்தாய். கோயிலில் பூசை பார்க்கும்போதும் வாசலுக்குப் பக்கத்துத் தூணோரம்தான் நிற்பேன். பக்தி குறைவு என்று பங்குச் சாமியாரே ஒருநாள் கிண்டல் செய்தார். பக்தியெல்லாம் இருக்கிறது. கண்தான் கதவில் இருக்கும்.

உன் அம்மாவின் இடதுகால் எப்படி விளங்காமல் போனது என்று உனக்குத் தெரிந்த கதை இது: சுனாமி வந்துபோன அடுத்த வருஷம், கல்லூரிகளுக்கு நடுவிலான ஃபைனல் அன்று, கூட்டத்தில் யாரோ "கடல் ஏறி வருது" என்று கத்த, ஜனம் அலறியடித்து ஓட, வடக்கு கேட் பூட்டியிருக்க, நெரிசலில் அம்மா விழுந்தாள். அப்பா சாவியோடு மைதானத்தின் மறுமுனையில் இருந்தார், ஓடி வருவதற்குள் நடந்துவிட்டது. உனக்கு அப்போது ஏழு வயது. காய்ச்சல் என்று சித்தி வீட்டில் விட்டிருந்தோம். விசாரணையிலும் நான் இதைத்தான் சொன்னேன். பி.டி. சாரும் ஆமாம் என்றார். ஊரும் நம்பியது.

நான் மறுமுனையில் இல்லை. அந்த கேட்டுக்கு வெளியே, கேட்டை ஒட்டியே நின்றேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

எப்படி என்று சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஃபைனலுக்கு டிக்கெட் கிடைக்காதவர்கள், துறைமுகத்தில் வேலை முடித்து வந்தவர்கள், லாரிக்காரர்கள் எல்லாரும் வடக்கு கேட் பக்கம் வந்து நிற்பார்கள். உள்ளே இருக்கிற அவர்களுடைய கூட்டாளிகள் ஒரு நாடகம் போடுவார்கள். கேட்டைத் தட்டி, ஆள் மயங்கி விழுந்துவிட்டான், திறங்க என்று கத்துவார்கள். திறந்தால் வெளியே நிற்கிறவர்கள் மொத்தமாக உள்ளே பாய்வார்கள். அம்மா விழுந்ததற்கு முந்திய வருஷம் ஒரு பெண்குரலே கேட்டது. "ஐயா, பிள்ள மயங்கிட்டான், தொறங்கய்யா" என்றது. பதறிப்போய்த் திறந்தேன். பிள்ளையும் இல்லை, மயக்கமும் இல்லை. ஒரு கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. கல்லூரிச் செயலர் எல்லார் முன்னாலும் என்னை நிறுத்தி, "ஒரு கேட்டப் பாத்துக்கிட ஒனக்குத் துப்பில்லையா?" என்றார். மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்த வார்த்தை ஒரு வருஷம் என் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

அதனால் அடுத்த வருஷம் கேட்டை வெளிப்பக்கமாகச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். தகரம் அடித்த இரட்டைக் கதவு. இந்தப் பக்கம் நிற்பவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. கீழே மட்டும் ஒரு சாண் இடைவெளி. "யாரு கத்துனாலும் தொறக்காதேயும்" என்றார் பி.டி. சார். யார் கத்தினாலும் திறப்பதில்லை என்று நானும் தீர்மானித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இரண்டாம் பாதியில் உள்ளே மேல்வரிசையில் பலகை ஒன்று முறிந்தது. அது பிறகு தெரிந்த சங்கதி. எனக்குக் கேட்டது ஒரு பெரிய சத்தம், அப்புறம் கூச்சல், அப்புறம் "கடலு, கடலு" என்ற குரல்கள். நான் கிழக்கே திரும்பிப் பார்த்தேன். துறைமுகத்துக் கிரேன்கள் நின்ற இடத்தில் நின்றன. வெளியே நின்ற லாரிக்காரர்கள் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் புதுப் பொய் ஒன்று கண்டுபிடித்திருக்கிறான்கள் என்று நினைத்தேன். சுனாமியை வைத்தே நாடகமா என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டைத் தட்டினார்கள். "தொறங்க, தொறங்க" என்று பெண்குரல்கள். போன வருஷமும் பெண்குரல்தானே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்கிற நேரம், ஒரு நிமிடம் இருக்கும். அதற்குள் கேட்டின் தகரம் என்னை நோக்கிப் புடைத்து வருவதைப் பார்த்தேன். நாடகத்தில் தகரம் புடைக்காது.

பிறகு பூட்டைத் திறந்தேன். ஆனால் அந்தக் கதவுகள் உள்பக்கமாகத் திறக்கிறவை. நீ இன்ஜினியர், உனக்கு விளக்க வேண்டியதில்லை. உள்ளே ஆள்மேல் ஆளாக அழுத்திக்கொண்டு நிற்கும்போது நான் வெளியேயிருந்து தள்ளினால் எப்படித் திறக்கும்? முதல் தட்டலிலேயே திறந்திருந்தால் திறந்திருக்கும். யாரை உள்ளே விடக் கூடாது என்று நான் பூட்டினேனோ, அந்த லாரிக்காரர்கள்தான் கடப்பாரை கொண்டுவந்து கீலை நெம்பிப் பெயர்த்து, ஒவ்வொருவராக வெளியே இழுத்துப் போட்டார்கள். உயிர் எதுவும் போகவில்லை. கடைசியில் கேட்டின் கல்தூணோரம், தொடை எலும்பு முறிந்து கிடந்த உன் அம்மாவை நான் தூக்கினேன். அவள் அங்கே இருப்பாள் என்றே நான் நினைக்கவில்லை. பெண்கள் இருக்கையிலிருந்து மெயின் கேட்தான் கிட்டே. அந்தப் பக்கம் போயிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். தட்டியவர்களில் அவளும் ஒருத்தி. கட்டிய மனைவியின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கடல் வரவில்லை என்று நான் நினைத்தது சரிதான். அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மேலே எழுதியது வரைக்கும் நேற்று முடித்தேன். கூரியரில் போடப் புறப்பட்டவன் வாசலில் நின்றுவிட்டேன். இருபது வருஷம் அவளிடம் சொல்லாததை முதலில் உன்னிடம் சொல்வது நியாயமில்லை என்று பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். உன் அம்மா கட்டிலில் காலை நீட்டி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவள் உரிப்பதை நிறுத்தவே இல்லை. வாசித்து முடித்ததும் அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க அங்கன நின்னது எனக்குத் தெரியும்" என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

"இடைவேளைல அந்தப் பக்கம் வந்தப்பமே கேட்டுக்கு அடியில ஒங்க செருப்பு தெரிஞ்சுதே. கோடு போட்டுப் போட்டுச் சுண்ணாம்பு அப்பிக் கெடக்குமே, அந்தச் செருப்பு. ஊர்ல வேற யாருக்கு இருக்கு? எல்லாரும் மெயின் கேட்டப் பாத்துதான் ஓடுனாவ. நாந்தான், இவ்வோ இங்கன நிக்காவ, சாவி இவ்வோகிட்டதான இருக்கும், தொறந்துருவாவன்னு இந்தப் பக்கம் வந்தேன்." மொச்சையை முறத்தில் போட்டுவிட்டுச் சொன்னாள். "மார்க்கர் பொண்டாட்டியே அந்தப் பக்கம் போறா, கேட்டு தொறப்பாவன்னு மத்த பொம்பளையளும் எம்பின்னாலயே வந்துட்டாளுவ. அதத்தான் நான் யாருகிட்டயும் சொல்லல."

இருபது வருஷம் ஒரே வீட்டில், ஒரே பானையில் சோறு தின்று, அவள் ஒன்றை மறைத்தாள், நான் ஒன்றை மறைத்தேன். "ஏன் எங்கிட்டயாவது சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நீங்க இருப்பியளா?" என்றாள். இருந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள். படத்தில் வடக்கு கேட் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இருக்கிறது. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற கம்பியும் போட்டிருக்கிறாய். அத்தனையும் செய்துவிட்டு அதன்மேல் ஒரு சங்கிலியைச் சுற்றினால் எல்லாம் வீண். ஆள் உள்ளே இருக்கிற வரை அந்த கேட்டில் சங்கிலி கூடாது, பூட்டு கூடாது, பக்கத்தில் ஒரு சைக்கிள்கூட நிற்கக் கூடாது. டிக்கெட் இல்லாதவன் நூறு பேர் உள்ளே வந்து ஓசியில் ஆட்டம் பார்த்துவிட்டுப் போகட்டும், குடி முழுகிப் போகாது. உப்புக் காற்றுக்குக் கீல் இறுகும். மாதாமாதம் எண்ணெய் விட ஒரு ஆளை எழுத்தில் நியமிக்கச் சொல். கல்லூரியில் மறுத்தால், சங்கிலி உள்ள ஸ்டேடியத்துக்கு என் கையெழுத்து கிடையாது என்று சொல். உன் கம்பெனி உன்மேல் பாயும். வேலைக்கே ஆபத்து வரலாம். அதுவும் எனக்குப் பயம்தான். ஆனால் ஒரு செயலர் நாலு பேர் முன்னால் ஏசிவிட்டார் என்பதற்காக ஒரு கேட்டைப் பூட்டியவன் நான். அந்தப் புத்தி உன் ரத்தத்திலும் இருக்குமோ என்கிற பயம் இதைவிடப் பெரியது. "நம்ம வேல இல்ல" என்று நீ போனில் சொன்னபோது எனக்கு என் குரலே கேட்டது.

திறப்பு விழாவுக்கு நீ அம்மாவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறாய். படியேற முடியாதவளுக்காகச் சரிவுப் பாதை போட்டு, அதன் முனையில், வடக்கு கேட்டுக்குப் பக்கத்தில் முதல் இருக்கை. அன்போடுதான் செய்தாய், அது எனக்குத் தெரியும். நேற்று இவ்வளவும் பேசிய பிறகு, நீ வர வேண்டாம், வீட்டில் இரு என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஆளா அவள்? "எம்புள்ள கட்டுனது, நான் போவாம வேற யாரு போவா?" என்கிறாள். சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

நானும் வருவேன். ஆட்டம் பார்க்க மாட்டேன். எனக்கு அறுபத்தைந்து ஆகிறது, முட்டி வலிக்கிறது. நெரிசல் என்று வந்தால் என்னால் ஒன்றும் ஆகாது. இருந்தாலும் அந்த கேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பேன். ஆனால் மகனே, அங்கே ஏதாவது சத்தம் கேட்டு ஜனம் எழுந்தால், உன் அம்மா என்னைத் தேட மாட்டாள், வேறு வழியும் பார்க்க மாட்டாள். மகன் வைத்த கேட் என்று நேரே அந்தப் பக்கம்தான் வருவாள். இன்ஜினியரோட அம்மாவே போகிறாள் என்று மற்றவர்களும் அவள் பின்னால் வருவார்கள்.

உன் அப்பா